படகிலேயே இருந்தவர்கள்

பொதுக்காலம் 19ஆம் ஞாயிறு
வாசகங்கள்: 1 அரசர் 19:9, 11-13; மத்தேயு 14:22-33



இன்றைய நற்செய்தியைக் கேட்டதும் நம் கண்முன் வந்து நிற்பவர் பேதுருதான். படகிலிருந்து இறங்கினார், தண்ணீரின் மேல் நாலு எட்டு வைத்தார், காற்றைப் பார்த்து அரண்டார், காப்பாற்றச் சொல்லி அலறினார். மூன்று ஆண்டுக்கு ஒருமுறை இந்த வாசகம் வரும்போதெல்லாம் நானும் அவரைப் பிடித்துக்கொண்டுதான் மறையுரையை ஒப்பேற்றியிருக்கிறேன். இந்த வாரம் தயாரிக்க உட்கார்ந்தபோது ஒரு சின்னக் கேள்வி குறுக்கே வந்து நின்றது. பேதுரு அங்கே நடந்துகொண்டிருந்த நேரத்தில் படகு என்ன ஆனது?

காற்று இன்னும் ஓயவில்லை. அலை அடித்துக்கொண்டிருக்கிறது. ஓர் ஆள் எழுந்து இறங்கிப் போய்விட்டார். மற்றவர்களும் வேடிக்கை பார்க்கக் கையை விட்டிருந்தால் படகு குறுக்கே திரும்பிக் கவிழ்ந்திருக்கும். பேதுரு திரும்பி வந்து ஏறுவதற்கு அங்கே ஒரு படகு இருந்தது என்றால், யாரோ சிலர் அதை விடாமல் பிடித்து வைத்திருந்தார்கள் என்றுதானே அர்த்தம்? அவர்கள் பெயரை மத்தேயு சொல்லவில்லை. இன்று அவர்களைப் பற்றிப் பேசலாம் என்றிருக்கிறேன்.

இதே நிகழ்ச்சியை மாற்கும் எழுதியிருக்கிறார். பேதுரு நடந்த கதை அவரிடம் இல்லை. ஆனால் மத்தேயு விட்டுவிட்ட ஒன்று இருக்கிறது: சீடர்கள் தண்டு, அதாவது துடுப்பு, வலிக்க முடியாமல் வருந்தியதை இயேசு பார்த்தார். தூரத்தை யோவான் தருகிறார், ஐந்தாறு கிலோமீட்டர். பொழுது சாயும் நேரத்தில் கிளம்பியவர்கள் அவர்கள். ஆண்டவர் வந்தது நான்காம் காவல் வேளையில், அதாவது விடியற்காலை மூன்று மணிக்கு மேல். ராத்திரி முழுக்க வலித்து ஆறு கிலோமீட்டர்! கரையோரமாக நடந்தே போயிருந்தால்கூட ஒன்றரை மணி நேரத்தில் கடந்திருப்பார்கள். மூழ்கவும் இல்லை, முன்னேறவும் இல்லை. இருக்கிற இடத்திலேயே இருப்பதற்கே அத்தனை பாடு.

நான் குருவான புதிதில் தூத்துக்குடிப் பக்கம் ஒரு கடற்கரைப் பங்கில் உதவிப் பங்குத்தந்தையாக இருந்தேன். ஒருநாள் விடியற்காலை என்னையும் வள்ளத்தில் ஏற்றிக்கொண்டார்கள். திரும்பி வரும்போது எஞ்சின் நின்றுவிட்டது. ஆளுக்கொரு தண்டை எடுத்தார்கள். ஆசைக்கு நானும் ஒன்றை எடுத்தேன். ஐந்து நிமிடத்தில் உள்ளங்கை கொப்பளித்துப் போனது. பின்னால் இருந்த பெரியவர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "சாமி, தண்ணிய அடிக்காதீங்க. தண்ணியப் பிடிங்க. பிடிச்சு வலிங்க."

வலி என்ற இந்தச் சொல்லைப் பாருங்கள். வள்ளத்தில் அது வேலை. மருத்துவமனையில் அது நோவு. திருக்குறளில் 'வலியறிதல்' என்று ஓர் அதிகாரம் இருக்கிறது, அங்கே அது வலிமை. அன்றைக்கு என் கைக்கு முதல் இரண்டும் நன்றாகப் புரிந்தன. மூன்றாவது வரவே இல்லை.

நம் கடற்கரையில் தண்டு வலிப்பது பிழைப்பு. வேறு இடங்களில் அது விளையாட்டு, அதிலும் பணக்கார வீட்டுப் பிள்ளைகளின் விளையாட்டு. ஆக்ஸ்ஃபோர்டும் கேம்பிரிட்ஜும் தங்களுக்குள் படகுப் போட்டியை 1829இல் தொடங்கின. அமெரிக்காவில் ஹார்வர்டும் யேலும் 1852இல் மோதின. நம் சென்னையிலேயே 1867 முதல் ஒரு போட் கிளப் இருக்கிறது, வெள்ளைக்காரர்கள் ஆரம்பித்தது. அந்தப் பக்கமாகப் போகிறபோது வேலிக்கு இந்தப் பக்கம் நின்று நானும் பார்த்திருக்கிறேன்.

இந்த விளையாட்டு 1990களின் பிற்பகுதியில் ஒருநாள் வழி தவறியதுபோல, சிகாகோ நகரத்தின் மேற்குப் பகுதிக்குள் வந்து சேர்ந்தது. கறுப்பின மக்கள் நெருக்கியடித்து வாழும் பகுதி அது. 1966இல் மார்ட்டின் லூதர் கிங் அந்த மக்களின் வீட்டுப் பிரச்சினைக்காகப் போராட வந்தபோது, மேற்குப் பகுதியில்தான் ஒரு பழைய அடுக்குக் குடியிருப்பில் குடியேறினார். முப்பது ஆண்டு கழிந்தும் வறுமை போகவில்லை. போதை மருந்தும் துப்பாக்கியும் கூடச் சேர்ந்துகொண்டன. எந்தத் தெரு எந்தக் கும்பலுக்குச் சொந்தம் என்று தெரிந்துகொண்டுதான் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போக வேண்டும். தெரு மாறி நடந்தால் உயிர் போகும்.

அங்கே மேன்லி உயர்நிலைப் பள்ளியில், சாப்பாட்டுக் கூடத்தில் ஒருநாள் நீளமாக ஒரு படகு கிடந்தது. பக்கத்தில் ஒரு தொலைக்காட்சிப் பெட்டியில் படகுப் போட்டி ஓடிக்கொண்டிருந்தது. அதில் வலித்தவர்கள் எல்லாரும் வெள்ளையர்கள். ஆர்ஷே கூப்பர் என்ற மாணவர் அதைப் பார்த்தார். அவருடைய தாய் போதைக்கு அடிமையாக இருந்தவர், பின்னால் ஒரு கிறிஸ்தவ மறுவாழ்வு இல்லத்தில் மீண்டு வந்தவர். படகைக் கொண்டுவந்து போட்டவர் கென் ஆல்பார்ட், கல்லூரி நாள்களில் தண்டு வலித்து, பிறகு சந்தை வணிகத்தில் இறங்கியவர். வா தம்பி, சேர்ந்துகொள் என்று சொன்னால் யார் வருவார்கள்? ஒருவரும் வரவில்லை. வந்தால் பீட்சா இலவசம் என்றார்கள். வந்தார்கள்.

சிரிக்காதீர்கள். இன்று வாசித்த நற்செய்திக்கு முந்தைய பகுதியில் என்ன இருக்கிறது? ஐந்து அப்பமும் இரண்டு மீனும். முதலில் எல்லாரும் வயிறாரச் சாப்பிட்டார்கள். மிச்சம் சேர்த்த கூடைகள் இன்னும் கையில் இருக்கும்போதே சீடர்களைப் படகில் ஏறச் சொல்லி ஆண்டவர் கட்டாயப்படுத்தினார் என்று மத்தேயு எழுதுகிறார். அவர்களுக்கு விருப்பமா என்று கேட்கவில்லை. முதலில் சாப்பாடு, பிறகு படகு. பீட்சாவுக்காக வந்தவன் படகுக்காக வந்தவன் இல்லையே என்று ஆள் பார்த்துக் கழித்திருந்தால் அந்த அணியே இருந்திருக்காது. நம் பங்கில் மறைக்கல்விக்கு வராமல், விழாவுக்குச் சமைக்கிற சாப்பாட்டுக்கு மட்டும் வரும் பையன்களைப் பற்றி முணுமுணுக்கிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசியுங்கள்.

படகுக்கு வருவோம். எட்டுப் பேர் வலிக்கும் போட்டிப் படகு ஏறத்தாழ 18 மீட்டர் நீளம். அகலமோ 60 சென்டிமீட்டர்தான், அதோ அந்தப் பெஞ்சைவிடக் கொஞ்சம் கூடுதல். உட்காரும் பலகை சக்கரத்தில் முன்னும் பின்னும் ஓடும். காலணிகள் படகோடு சேர்த்து முடுக்கப்பட்டிருக்கும், காலை அதற்குள் விட்டுக் கட்டிக்கொள்ள வேண்டும். ஒருவருக்கு ஒரே ஒரு தண்டுதான், ஏறத்தாழ இரண்டு ஆள் நீளம். அது படகின் ஒரு பக்கத்தில் மட்டும் இருக்கும். ஆகவே எவ்வளவு பெரிய பலசாலியும் தனியாக வலித்தால் படகு வட்டமடிக்குமே தவிர முன்னே போகாது. எட்டுத் தண்டும் ஒரே நொடியில் தண்ணீரில் இறங்கி ஒரே நொடியில் ஏற வேண்டும். ஒருவன் ஒரு கணம் தாமதித்தால் தண்ணீர் தண்டைப் பிடித்துக்கொள்ளும், கைப்பிடி நெஞ்சில் வந்து அறையும். இதை அந்த விளையாட்டுக்காரர்கள் நண்டு பிடித்துவிட்டான் என்பார்கள். நம் ஊரில் நண்டு பிடித்தால் குழம்பாவது மிஞ்சும்.

முன்னால் இருப்பவனின் முதுகைப் பார்த்து மூச்சுவிட வேண்டும். அவன் வேறு தெருப் பையன், வேறு கும்பலின் எல்லைக்குள் வளர்ந்தவன். நேற்றுவரை எந்த முதுகைப் பார்த்து ஒதுங்கி நடந்தார்களோ, அந்த முதுகோடு சேர்ந்து முன்னும் பின்னும் ஆட வேண்டும். மேன்லி பள்ளி அணியில் அப்படி எதிரெதிர்த் தெருப் பிள்ளைகள் இருந்தார்கள். நட்பு பற்றி அவர்களுக்கு யாரும் வகுப்பெடுக்க வேண்டியிருக்கவில்லை. படகு நேராகப் போக வேண்டும் என்றால் வேறு வழி இல்லை, அவ்வளவுதான்.

அவர்களில் பலருக்கு நீச்சல் தெரியாது. தண்ணீரைக் கண்டால் பயம். அந்தப் பயத்துக்கு ஒரு சரித்திரம் உண்டு. அதைச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்வது நேர்மையாகாது.

1919ஆம் ஆண்டு ஜூலை 27, ஒரு ஞாயிற்றுக்கிழமை. மிச்சிகன் ஏரிக்கரையில் கடும் வெயில். யூஜின் வில்லியம்ஸ் என்ற 17 வயதுக் கறுப்பினப் பையனும் அவன் நண்பர்களும் தாங்களே கட்டிய தெப்பத்தைத் தண்ணீரில் தள்ளி விளையாடிக்கொண்டிருந்தார்கள். கரையில் வெள்ளையர் குளிக்கும் பகுதி என்றும் கறுப்பர் குளிக்கும் பகுதி என்றும் பிரிவு இருந்தது. பலகையில் எழுதி வைத்ததில்லை, எல்லாருக்கும் தெரிந்த கோடு. தண்ணீருக்குள் அந்தக் கோடு எங்கே இருக்கும்? தெப்பம் மிதந்து அந்தப் பக்கம் போனது. ஒரு வெள்ளையர் கல்லெறிந்தார். பையன் தண்ணீரில் மூழ்கிச் செத்தான். கல்லெறிந்தவரை மக்கள் கைகாட்டியும் அங்கிருந்த போலீஸ்காரர் கைது செய்ய மறுத்தார். அன்று மூண்ட கலவரம் ஒரு வாரம் எரிந்தது. 38 பேர் இறந்தார்கள், 500க்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள், கறுப்பினக் குடும்பங்கள் ஏறக்குறைய ஆயிரம் வீடிழந்தன.

ஒரு தெப்பம் கோடு தாண்டியதற்கு அந்த ஊர் கொடுத்த விலை அது. நீச்சல் குளங்களும் கடற்கரைகளும் அதற்குப் பின்னும் பல பத்தாண்டுகள் அந்த மக்களுக்கு எளிதில் திறக்கவில்லை. நீந்தத் தெரியாத தகப்பனுக்கு நீந்தத் தெரியாத மகன். அப்படித்தான் பயம் வீட்டுச் சொத்துபோலக் கைமாறி வந்தது. அந்த ஊரில், அதே ஏரியை அடுத்த லிங்கன் பூங்கா நீர்நிலையில், எண்பது ஆண்டுக்குப் பிறகு கறுப்பினப் பிள்ளைகள் படகில் ஏறி உட்கார்ந்தார்கள். அமெரிக்காவில் முழுக்க முழுக்கக் கறுப்பின மாணவர்களைக் கொண்ட முதல் உயர்நிலைப் பள்ளிப் படகு அணி அது என்று கூப்பர் தம் நூலில் பதிவு செய்திருக்கிறார். 2020இல் அந்தக் கதை ஆவணப்படமாகவும் வந்தது.

அவர்கள் கோப்பைகளை அள்ளிக் குவித்தவர்கள் அல்ல. ஆரம்பப் போட்டிகளில் நன்றாகவே தோற்றார்கள். பிறகு கூப்பர் எதை நினைவுகூர்கிறார்? அமைதியை. தண்ணீருக்குள் கொஞ்ச தூரம் போனதும் போலீஸ் சைரன் இல்லை, துப்பாக்கிச் சத்தம் இல்லை. தண்டு இறங்கும் ஓசை, ஏறும் ஓசை, அதிலிருந்து சொட்டும் தண்ணீர். வீட்டிலும் தெருவிலும் எந்நேரமும் காதைத் தீட்டிக்கொண்டே வளர்ந்த பிள்ளைகள் அவர்கள். காதுக்கு ஓய்வு என்று ஒன்று உண்டு என்பதையே அங்கேதான் கண்டுகொண்டார்கள்.

முதல் வாசகத்தில் எலியா இருந்தது அப்படிப்பட்ட நிலையில்தான். ஈசபேல் அவர் உயிரைத் தேடுகிறாள். ஓடி வந்து ஓரேபு மலையில் ஒரு குகைக்குள் ஒளிந்திருக்கிறார். பாறையைப் பிளக்கும் காற்று வந்தது, நிலநடுக்கம் வந்தது, தீ வந்தது. ஆண்டவர் எதிலும் இல்லை. எல்லாம் ஓய்ந்த பிறகு கேட்ட மெல்லிய ஒலியில்தான் எலியா போர்வையால் முகத்தை மூடிக்கொண்டு வெளியே வந்தார். பயந்து ஒளிந்தவனிடம் ஆண்டவர் கத்திப் பேசுவதில்லை. நாம் எப்படிப் பேசுகிறோம் என்பதற்குப் பிறகு வருகிறேன்.

அணியில் இருந்த எல்லாருடைய பாதையும் அதற்குப் பின் நேராக ஓடிவிட்டது என்று சொன்னால் அது பொய். ஒரு படகு சிகாகோவின் வறுமையைத் தீர்க்கவில்லை, துப்பாக்கிகளை வாங்கி வைக்கவும் இல்லை. மாற்கு நற்செய்தியில் இன்னொரு நுணுக்கம் இருக்கிறது. சீடர்கள் கிளம்பியது பெத்சாய்தாவுக்கு. போய்ச் சேர்ந்ததோ கெனசரேத்து. காற்று அவர்களை வேறு ஊரில் கொண்டுபோய் விட்டது. கூப்பரும் படகு வீரராகவில்லை, சமையல் கலைஞரானார். பிறகுதான் படகைத் தேடித் திரும்பி வந்தார். இன்று நகரத்து ஏழைப் பிள்ளைகளுக்கு இந்த விளையாட்டைக் கொண்டுசேர்ப்பதே அவர் வேலையாக இருக்கிறது. நியூயார்க், பிலடெல்பியா, லண்டன் என்று பல மாநகரங்களில் இதற்கென்றே அமைப்புகள் இயங்குகின்றன. படகுக்கு வசதியில்லாத பள்ளிகளில் தண்டு வலிக்கும் இயந்திரத்தை வகுப்பறையிலேயே போட்டு ஆரம்பிக்கிறார்கள்.

என்னை உலுக்கியது இருபது ஆண்டு கழித்து நடந்தது. ஆளுக்கொரு திசையில் போயிருந்த பழைய நண்பர்களை கூப்பர் கூட்டினார், மறுபடி ஒரு போட்டியில் வலிக்கலாம் என்றார். எல்லாருக்கும் வயிறு போட்டுவிட்டது, மூச்சு வாங்குகிறது. அத்தோடு விட்டிருக்கலாம். சிகாகோ காவல்துறையினர் சிலரையும் நம்மோடு படகில் ஏற்றுவோம் என்றார். சட்டையைப் பிடித்து நிறுத்திச் சோதனை போடும் போலீஸை மட்டுமே கண்டு வளர்ந்தவர்களுக்கு அது எளிதில் செரிக்குமா? ஆனாலும் ஏற்றினார்கள். யாருக்குத் தண்டு பிடிக்கத் தெரியும், யாருக்குத் தெரியாது? இந்த முறை கற்றுக்கொடுத்தவர்கள் மேற்குப் பகுதிப் பிள்ளைகள், கற்றுக்கொண்டவர்கள் சீருடைக்காரர்கள். 1919இல் கரையில் நின்று கையைக் கட்டிக்கொண்ட அந்தப் போலீஸ்காரர் என் நினைவுக்கு வந்தார். அவருடைய வேலையில் இன்று இருப்பவர்கள், யூஜின் வில்லியம்ஸின் மக்களோடு ஒரே படகில், முதுகுக்குப் பின் முதுகாக உட்கார்ந்திருந்தார்கள்.

ஒட்டாதவை ஒன்றாகச் சேர்ந்த இன்னொரு படகும் உண்டு. கலிலேயக் கடலில் 1986இல் வறட்சி வந்து தண்ணீர் வற்றியபோது, சேற்றுக்குள்ளிருந்து ஒரு பழைய படகு கிடைத்தது. இயேசு வாழ்ந்த காலத்தை ஒட்டியது. எட்டு மீட்டர் நீளம். அதை ஆராய்ந்தபோது பத்துக்கும் மேற்பட்ட மர வகைகள் அதில் இருந்தன. ஏதோ ஒரு தச்சன், நல்ல மரம் வாங்கக் காசில்லாமல், வேறு படகுகளில் கழித்துப் போட்ட துண்டுகளை எடுத்து ஒட்டுப் போட்டு ஒட்டுப் போட்டு அதைத் தண்ணீரில் ஓடவைத்திருக்கிறான். சீடர்கள் ஏறிய படகு அதுவா என்று எனக்கு ஆராய்ச்சி வேண்டாம். மீனவன் படகு அப்படித்தான் இருக்கும்.

இனி என் கதை. போன கோடையில் நம் கெபிக்குப் பின்னால் ராத்திரி பதினோரு மணிக்கு ஏழெட்டுப் பையன்கள் கேரம் ஆடிக்கொண்டிருந்தார்கள். சத்தம். மறுநாள் காலை ஐந்தரைப் பூசை எனக்கு. மாடியிலிருந்து கத்தினேன். இறங்கிப் போய் விளக்கை அணைத்தேன். அடுத்த நாளிலிருந்து அவர்கள் வரவில்லை. நிம்மதியாகத் தூங்கினேன். இப்போது அந்தப் பையன்கள் ராத்திரியில் எங்கே உட்கார்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும். அவர்களுடைய அம்மாக்கள் இங்கே இடப்பக்கம் உட்கார்ந்திருக்கிறார்கள்.

ஆண்டவர் மலையில் ஜெபித்துக்கொண்டிருந்தார். ஜெபத்தை முடித்துக்கொண்டு, கரையில் நின்று, நன்றாக வலியுங்கள் என்று அவர் கத்தியிருக்கலாம். என்னைப்போல. இறங்கி வந்தார். கவனித்தீர்களா, அவர் தண்ணீர்மேல் நடந்துகொண்டிருந்தபோதும் காற்று அடித்துக்கொண்டுதான் இருந்தது. படகில் ஏறிய பிறகே ஓய்ந்தது.

கெபிக்குப் பின்னால் விளக்கைப் போன வாரம் மறுபடி போட்டுவிட்டேன். புதுக் கேரம் பலகை ஒன்று வாங்கியிருக்கிறேன். டீயும் பிஸ்கட்டும் என் செலவு. அந்தப் பையன்களோடு உட்கார்ந்து ஆட ஆள் வேண்டும். புத்தி சொல்ல வேண்டாம், ஆடத் தெரிந்தால் போதும், தெரியாவிட்டால் அவர்களே கற்றுக்கொடுப்பார்கள். வின்சென்ட் தே பால் சபையாரையும் அன்பியத் தலைவர்களையும் கேட்டுக்கொள்கிறேன். அம்மாக்களே, சனிக்கிழமை ராத்திரி ஒன்பது மணிக்கு அவர்களிடம் கேரம் இருக்கிறது என்று மட்டும் சொல்லி அனுப்புங்கள், சாமி கூப்பிட்டார் என்று சொல்ல வேண்டாம்.

பேதுருவை நாம் தண்ணீரிலேயே விட்டுவிட்டோம். ஆண்டவர் கையைப் பிடித்துத் தூக்கினார், இருவரும் படகுக்கு வந்தார்கள். தலையிலிருந்து சொட்டச் சொட்ட, குளிரில் பல் கிட்டிக்கொள்ள, வெட்கத்தோடு அவர் விளிம்பைப் பிடித்து ஏறியிருப்பார். ராத்திரி முழுக்க வலித்துக் கை புண்ணாகியிருந்த யாரோ ஒருவர், ஒன்றும் கேட்காமல், கொஞ்சம் நகர்ந்து அவருக்கு இடம் விட்டிருப்பார்.